தண்டவாள மரணமும் லோகோ பைலட்டின் நினைவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் நாற்பதுகளின் நடுவில் இருந்த, மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளை ஓட்டும் லோகோ பைலட். டீசல் உதவியாளராகப் பணியில் சேர்ந்து, சரக்கு வண்டி, பயணிகள் வண்டி என்று படிப்படியாக மேலே வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். தமிழ்நாட்டில் ஒரு சந்திப்பு நிலையத்தை அடுத்த ரயில்வே குடியிருப்பில் மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகனோடும் வசித்தார். நான் ரயில்வேக்கு வெளியே பணியாற்றும் உளவியல் ஆலோசகர். அவருடைய ஒப்புதலோடு, ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் இதைப் பதிவு செய்கிறேன்.

தண்டவாளத்தைக் கடப்பவர் மீது வண்டி மோதுவதை ஓட்டுநர்கள் தங்களுக்குள் ‘ரன் ஓவர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நீண்ட காலம் ஓடியவர்களில் அதைச் சந்திக்காதவர் அரிது. அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், இத்தகைய மரணங்களில் ஓட்டுநர் மீது வழக்கமாகப் பழி வருவதில்லை. தகவல் கொடுப்பார், குறிப்பு எழுதுவார், வண்டியை மேலே ஓட்டிச் செல்வார். சட்டம் அவரை விடுவித்துவிடுவதாலேயே அவருக்கு எதுவும் நேரவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பேசியதில் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

சம்பவம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மாலை, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். வண்டி மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவைத் தாண்டி வெளியே வந்தபோது, முன்னே சுமார் 250 மீட்டர் தொலைவில் முதியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார். லோகோ பைலட் ஹார்னை அழுத்தினார். உடனே அவசர பிரேக்கையும் போட்டார். வண்டி அந்த இடத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால்தான் நின்றது. உதவி லோகோ பைலட் இறங்கிப் பின்னோக்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த நிலையத்துக்கும் கார்டுக்கும் தகவல் சொல்லப்பட்டது. பிறகு வண்டி புறப்பட்டது. அதே இருவர்தான் அதைக் கடைசி வரை ஓட்டிச் சென்றார்கள்.

அந்த இடத்தில் முன்பு ஆளில்லா லெவல் கிராசிங் ஒன்று இருந்தது. அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கிராசிங்குகள் எல்லாம் 2019 ஜனவரி இறுதிக்குள் நீக்கப்பட்டபோது இதுவும் மூடப்பட்டு, பதிலாகச் சற்றுத் தள்ளி ஒரு சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஊர்க்காரர்கள் பழைய வழியிலேயே மேலே ஏறிக் கடப்பார்கள். இது பின்னால் முக்கியத்துவம் பெற்ற விவரம். ஆனால் அவர் என்னிடம் வந்தபோது அவருடைய நினைவில் சுரங்கப்பாதையே இல்லை.

கவனித்தவை

சம்பவம் நடந்து ஆறு வாரங்கள் கழிந்த பின், குடும்ப மருத்துவரின் பரிந்துரையோடு மனைவி அவரை அழைத்து வந்தார். நெஞ்சு படபடப்பு என்று ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் குறையேதும் இல்லை. தூக்கம் இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைந்தது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் உடல் விறைத்தது. உணவு மேசையில் எல்லோரோடும் அமர்வதை நிறுத்தியிருந்தார். மகனோடு பேச்சு அறவே இல்லை. பணிக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் போய்க்கொண்டிருந்தார்.

முதல் சந்திப்பில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. “பிரேக்கைப் பிடிக்காம முதல்ல ஹார்னைத்தான் அடிச்சேன். பிரேக்கை முதல்ல போட்டிருந்தா அவர் பிழைச்சிருப்பார்” என்பது ஒன்று. “அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சார்” என்பது மற்றொன்று. இவை தவிர, அன்று பணிக்குக் கிளம்பும் முன் மகனோடு ஏற்பட்ட வாக்குவாதம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் கவனம் சிதறியது என்றும் நம்பினார். மகனோடு பேசாமல் இருந்ததற்குக் கோபம் காரணமல்ல. அவன் முகத்தைப் பார்த்தாலே அந்த மாலை நினைவுக்கு வந்தது.

அறிகுறிகள் ஒரு மாதத்தைக் கடந்து நீடித்ததும், நினைவூட்டும் பொருள்களை அவர் தவிர்த்ததும், குற்றவுணர்வும் சேர்ந்து பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைச் (PTSD) சுட்டின. மனநல மருத்துவரும் அவரைப் பரிசோதித்து அதையே உறுதி செய்தார்.

தொடக்க முடிவுகள்

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது நினைவின் சிக்கல் அன்று, பயணிகளின் பாதுகாப்பு. இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிய ஒருவர் ஓர் எக்ஸ்பிரஸ் வண்டியை ஓட்டுவதை அறிந்த பிறகு ரகசியம் காப்பது என்ற விதியின் பின்னால் நான் ஒதுங்கி நிற்க முடியாது. இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அவருக்கு அச்சம் வேறொன்று. மனநலக் காரணம் என்று தாளில் ஏறிவிட்டால் வண்டி ஓட்டத் தேவையான ஏ-1 மருத்துவத் தகுதியை இழந்து, ஓட்டுநர் பிரிவிலிருந்தே விலக்கப்பட்டு, ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் மைலேஜ் படியும் போய், அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குத் தள்ளப்படுவோம் என்று அஞ்சினார். அந்த அச்சத்தை ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. பேசிப் பார்த்து, அவரே மேற்பார்வையாளரான சி.எல்.ஐ.யை (தலைமை லோகோ ஆய்வாளர்) சந்தித்து, தூக்கமின்மையைக் காரணம் காட்டி மருத்துவ விடுப்பில் சில வாரங்கள் இருப்பது என்று முடிவானது. தூக்க மாத்திரை வேண்டாம் என்று மனநல மருத்துவர் தீர்மானித்தார். பணிக்குத் திரும்பும் நாளில் அதன் மயக்கம் மிஞ்சியிருக்கக் கூடாது என்பது காரணம். தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் பயிற்சிகளே முதல் இரண்டு வாரங்களை எடுத்துக்கொண்டன.

இரண்டாவது முடிவு, அவரை உடனே அனைத்தையும் கொட்டித் தீர்க்கச் செய்யக் கூடாது என்பது. விபத்து நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. நினைவைத் திறப்பதற்கு முன் அதைத் தாங்கும் அளவுக்கு உடல் தேற வேண்டும்.

உறவினர்கள் பரிகாரம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவருடைய தாயார் ஊர்க் கோயிலில் விளக்கேற்றி அன்னதானம் செய்ய விரும்பினார். நான் குறுக்கிடவில்லை. ஆனால் இறந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுக்க அவர் எண்ணியபோது பொறுத்திருக்கச் சொன்னேன். ரயில்வே காவல்துறையின் விசாரணை முடியவில்லை என்பது ஒரு காரணம். துக்கத்தில் இருக்கும் குடும்பம், வந்தவரைத் தேற்றி அனுப்பும் சுமையையும் சேர்த்துச் சுமக்க நேரும் என்பதே என்னுடைய பெரிய தயக்கம்.

நினைவை வரிசைப்படுத்துதல்

விடுப்பின் மூன்றாவது வாரத்தில் நினைவைக் கையில் எடுத்தோம். உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த, நினைவைத் திரும்பத் திரும்ப நிகழ்காலத்தில் சொல்லவைக்கும் முறையே அடிப்படை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உணர்வுகளைச் சொல்லுமாறு கேட்டால் அவர் வாயடைத்துப்போனார். அவருக்குப் பழகிய மொழி வேறு. நிலையத்தில் கொடுக்கும் குறிப்பைப் போல, நேரம், கிலோமீட்டர் கல், வேகம், சிக்னல் நிலை என்று எழுதச் சொன்னபோது பக்கம் பக்கமாக வந்தது. அந்தக் குறிப்பையே பல வாரங்கள் வைத்துக்கொண்டு, சொற்கள் தடுமாறிய இடங்களில் மட்டும் நின்றோம்.

முதல் தடுமாற்றம் ஹார்ன். தொழில் அறிந்தவர் அவர் என்பதால் கணக்கை அவரிடமே விட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். 250 மீட்டரைக் கடக்க ஒன்பது நொடி. அவசர பிரேக் போட்டாலும் காற்றழுத்தம் இறங்கி எல்லாப் பெட்டிகளையும் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அத்தகைய நீண்ட வண்டி முழுதாக நிற்க முக்கால் கிலோமீட்டரை ஒட்டிய தூரம் வேண்டும். ஒரு நொடி முன்னால் பிரேக் போட்டிருந்தால் வண்டி அந்த இடத்தை அடைய எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று கணக்கிட்டார். அரை நொடிக்கும் குறைவு. தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “அந்த அரை நொடி போதாதா ஒரு ஆளுக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ‘போதாது’ என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். அது எனக்குத் தெரியாத ஒன்று. அவரும் நம்பியிருக்க மாட்டார். அடுத்த வாரம் விடையை அவரே கொண்டுவந்தார். அந்த ஒன்பது நொடிகளில் வண்டியிலிருந்து அந்த முதியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடியது எது? பிரேக்கின் பலன் போய்ச் சேராது. ஒலியோ 250 மீட்டரை ஒரு நொடிக்குள் கடந்துவிடும். அவரை எச்சரிக்கக்கூடிய ஒரே கருவி ஹார்ன்தான். அதைத்தான் கை முதலில் தேடியிருக்கிறது. பதற்றத்தில் செய்த தவறு என்று அவர் இத்தனை வாரங்களாகச் சுமந்தது உண்மையில் அனுபவம் செய்த சரியான தேர்வு.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று மனம் தன்னை நம்பவைக்கும் போக்கை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார். குற்றவுணர்வில் உழல்பவரிடம் இதை ஒரு கோட்பாடாக விளக்கினால் பெரும்பாலும் பயனிருப்பதில்லை. தன் கையால் கணக்குப் போட்டவர் வேறு வகையில் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது தடுமாற்றம் அந்தப் பார்வை. இதில் நான் எதுவும் சொல்லவில்லை. குறிப்பைப் பலமுறை வாசித்த பிறகு ஒரு நாள், ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்ததை அவர் எழுதாமல் விட்டிருப்பது அவர் கண்ணிலேயே பட்டது. மங்கிய வெளிச்சத்தில் அந்த விளக்கை நேராக நோக்குபவருக்கு அதன் பின்னால் இருக்கும் கண்ணாடியோ ஆளோ தெரிய வாய்ப்பில்லை. “அவர் என்னைப் பார்க்கலை. வெளிச்சத்தைத்தான் பார்த்தார்” என்றார். ஆறுதல் பிறக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு அன்று கிடைத்தது நீண்ட அழுகை. தன்னைக் குற்றம் சாட்டிய பார்வை அகன்றதும், அதுவரை அதன் மறைவில் இருந்த துக்கம் வெளியே வந்தது என்று இப்போது புரிந்துகொள்கிறேன்.

வாக்குவாதத்தால் கவனம் சிதறியது என்ற மூன்றாவது நம்பிக்கையைக் குறிப்பே பொய்யாக்கியது. வளைவுக்கு முந்தைய சிக்னலை அவர் உரக்கச் சொன்னதும் உதவியாளர் அதைத் திருப்பிச் சொன்னதும் நேரத்தோடு அதில் இருந்தன. ஆனால் இங்கே அவர் வேறொன்றையும் கண்டுகொண்டார். திருமணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று முடித்துவிட்டு ஓய்வில்லாமல் பணிக்குக் கையெழுத்திட்ட நாள்கள் எத்தனையோ உண்டு. சம்பவ நாள் அவற்றில் ஒன்றல்ல, ஆனால் ஆகியிருக்கக்கூடும். செய்யாத தவறுக்கான பழியைக் கீழே வைத்த பிறகுதான், திருத்திக்கொள்ள வேண்டிய உண்மையான பழக்கம் ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பழியின் எடையோடு இருந்தவரை அது தெரியவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது இந்த வரிசைதான்.

முதல் நினைவு

இதற்குப் பிந்தைய சந்திப்பு ஒன்றில், “இறங்கிப் போய்ப் பார்த்த பையன் எப்படி இருக்கிறார்?” என்று உதவி லோகோ பைலட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தாம் இருபத்து மூன்று வயதில் டீசல் உதவியாளராக இருந்தபோது நடந்த முதல் ரன் ஓவரைச் சொன்னார். இரவில் டார்ச் விளக்கோடு தனியாகப் பின்னோக்கி நடந்து, உடலைத் தண்டவாளத்திலிருந்து அப்புறப்படுத்த உதவிவிட்டு எஞ்சினுக்கு ஏறி வந்தபோது, மூத்த ஓட்டுநர் சொன்னது: “டீ குடி. மறந்துடு. இதெல்லாம் நம்ம வேலையில சகஜம்.” அவரும் அப்படியே செய்தார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சம்பவத்தையும் அதே முறையில் கடந்தார். தமக்குக் கீழே வந்த உதவியாளர்களிடமும் அதே சொற்களைச் சொல்லியிருக்கிறார்; சைக்கிள் முதியவர் இறந்த மாலையிலும், திரும்பி வந்த இளைஞரிடம் சொன்னது அதைத்தான்.

மூத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் அதைத் தவிர வேறொன்றும் கற்பிக்கப்பட்டிருக்காது. ஆனாலும் வலிமிகுந்த நினைவு பாடமாக மாறிய இடம் இதுவே என்று கருதுகிறேன். முதியவரின் மரணத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, தாம் மறந்துவிட்டதாக நம்பிய ஓர் இரவில், தமக்கு அன்று எது கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

பணிக்குத் திரும்புதல்

திரும்புவதைப் படிப்படியாகத் திட்டமிட்டோம். முதலில் பகலில் பயணியாக அந்த இடத்தைக் கடந்தார், பிறகு சி.எல்.ஐ.யின் அனுமதியோடு எஞ்சினில் கூடுதல் ஆளாக ஏறிக் கடந்தார். அதன் பிறகே தாமே ஓட்டினார். எல்லாம் நேராகப் போகவில்லை. திரும்பிய சில நாள்களில் மாலை நேரம் ஒன்றில், வேலிக் கம்பியில் சிக்கிப் பறந்த வெள்ளைச் சாக்கை ஆள் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிட்டார். வண்டி சில நிமிடங்கள் தாமதமானது, விளக்கம் கேட்கப்பட்டது. அன்றிரவு இனி ஓட்ட மாட்டேன் என்று தொலைபேசியில் சொன்னார். மறுநாளைச் சந்திப்பில் அந்தச் சாக்கையும் பழைய குறிப்பைப் போலவே நேரம், தொலைவு, வேகம் என்று எழுதினோம். பார்த்தது தவறு, செயல் தவறல்ல என்ற முடிவுக்கு அவரே வந்தார். அடுத்த முறை விடுப்புக் கேட்கவில்லை.

பின்விளைவுகள்

ஒன்பது மாதங்கள் கழிந்த நிலையில் தூக்கம் சீரானது; சைக்கிள் மணிக்கு உடல் விறைப்பதும் நின்றது. மழைக்காலம் தொடங்கியதும் நினைவு மீண்டும் கூர்மையானது. அது வரும் என்று முன்கூட்டியே பேசியிருந்ததால் அவர் கலங்கவில்லை. மகனிடம் நடந்ததைச் சொன்னார். மகன் கேட்ட முதல் கேள்வி, “அன்னைக்கு ஏன்ப்பா சொல்லலை?” என்பதாம்.

மூடிய கிராசிங்கையும் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையையும் பற்றி, ஓட்டுநர்கள் பணி ஏற்கும் இடமான லாபியில் உள்ள பதிவேட்டில் எழுதினார். மழைக்குப் பின் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மீண்டும் எழுதினார். நான் அறிந்தவரை ஒரு பம்ப் செட் வைக்கப்பட்டது. அது தொடர்ந்து இயக்கப்படுகிறதா என்பது வேறு விஷயம். குடும்ப விசேஷம் முடிந்த கையோடு பணிக்குப் போவதில்லை என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டார், சிலருக்கு வருத்தம்.

வேறொரு ரன் ஓவருக்குப் பின், இளம் உதவியாளர் ஒருவரோடு பணி முடித்து சைன் ஆஃப் செய்த பிறகும், ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் இரவு உட்கார்ந்திருந்திருக்கிறார். மறக்கச் சொல்லவில்லை, எதைப் பார்த்தாய் என்றும் துருவவில்லை, சாப்பிட்டாயா, வீட்டில் சொன்னாயா என்று மட்டும் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லையென்றால் யாரிடம் போக வேண்டும் என்பதை, 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண்ணோடு சேர்த்து, எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு வகுப்புகளில் இதைப் பேசச் சி.எல்.ஐ. அவருக்குச் சிறிது நேரம் ஒதுக்குகிறார்.

உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும் 1996இல் வெளியிட்ட அளவுகோல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சியை ஐந்து தளங்களில் பார்க்கிறது. பிறரோடு உறவாடுதல் அவற்றில் ஒன்று. அந்த வினாத்தாளை நான் அவரிடம் கொடுக்கவில்லை. வளர்ச்சிக்கு மதிப்பெண் போடத் தொடங்கினால், வளராதவர் தோற்றவர் ஆகிவிடுவார். தூக்கம் திரும்பி, மகனோடு பேசத் தொடங்கியதோடு நின்றிருந்தாலும் இந்தச் சிகிச்சை முழுமையானதே. ஒரு மனிதரின் மரணத்தால் மற்றொருவர் மேம்பட்டார் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமும் உண்டு. அவருக்கும் உண்டு, அந்த மரணம் ‘நல்லதற்கே’ என்று யாரோ சொன்னபோது அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட்டதாக மனைவி சொன்னார்.

மாற்ற வேண்டியவை

மோதிய வண்டியை அதே ஓட்டுநர் கடைசி வரை ஓட்டிச் செல்லும் நிலை மாற வேண்டும். அடுத்த பணியாளர் மாற்றும் நிலையத்தில், கேட்காமலே அவரை விடுவிப்பது வழக்கமாக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்றால், தகுதி பறிபோகும் என்று அஞ்சுபவர் கேட்க மாட்டார். அத்தகைய சில நாள் விடுப்பு மருத்துவத் தகுதியோடு முடிச்சுப்போடப்படாத ஒன்றாக இருப்பதும் அவசியம்.

சிகிச்சை முறையைப் பொறுத்தவரை, தொழில்சார்ந்தவரின் நினைவைத் திறக்க அவருடைய தொழில்மொழியையே முதல் நாளிலிருந்து பயன்படுத்துவது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். மகனையும் மனைவியையும் மூன்றாவது மாதத்தில்தான் சேர்ந்து சந்தித்தேன். இனி அதை விடுப்புக் காலத்திலேயே செய்வேன். அன்று எஞ்சினில் இருந்த மற்றவர், இறங்கி நடந்த அந்த உதவி லோகோ பைலட், இந்தக் காலத்துக்குள் வேறு கோட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இவர் தொலைபேசியில் அழைத்து, அன்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் ஆலோசனைக்கு வர விரும்பவில்லை. எஞ்சினில் இருப்பவர்கள் இருவர் என்பதால், இத்தகைய நிகழ்வோடு வரும் எவரிடமும் மற்றவரைப் பற்றிய கேள்வி முதல் சந்திப்பின் படிவத்தில் இப்போது இடம்பெற்றிருக்கிறது.